இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நாமே கணக்கிடும் முறை

டிக்கெட் அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல் வாரம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்?" பாதிப் பேர் டிக்கெட்டைப் பார்த்து, ஏறும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்து, ஆறே முக்கால் மணி நேரம் என்பார்கள். திரும்பி வருவதற்கு? அதே முறையில் கழித்தால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது. அப்போதுதான் முகத்தில் சந்தேகம் எட்டிப் பார்க்கும்.

தவறு கழித்தலில் இல்லை, வரிசையில் இருக்கிறது. தூரம் பூமியின் வடிவத்தைப் பொறுத்தது. பறக்கும் நேரம் விமானத்தையும் காற்றையும் பொறுத்தது. டிக்கெட்டில் அச்சாகும் நேரமோ ஊர்க் கடிகாரத்தைப் பொறுத்தது. இந்த மூன்றையும் இதே வரிசையில், ஒன்றோடொன்று கலக்காமல் செய்தால் விடை தானாக வரும். கடிகாரத்திலிருந்து தொடங்கினால் எங்கேயோ போய் நிற்கும்.

கடைசி வரை சென்னை–சிங்கப்பூரையே முதன்மை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணம், லண்டன், துபாய் மூன்றும் இடையிடையே வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சைன், காஸ் பட்டன்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று. போனில் இருப்பதைப் படுக்கவைத்துத் திருப்பினால் பெரும்பாலும் அவை தெரியும்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. எந்த வகை விமானம் என்ற தகவல். டிக்கெட்டிலோ முன்பதிவுத் திரையிலோ ஏர்பஸ் ஏ320, போயிங் 787 என்று போட்டிருக்கும். இரண்டு ஊர்களும் உலகப் பொதுநேரத்துக்கு, அதாவது யு.டி.சி.க்கு, எத்தனை மணி முன்னால் அல்லது பின்னால் என்ற கணக்கு. பயணத் தேதியும் வேண்டும். தேதி எதற்கு என்று இப்போது தோன்றும். லண்டன் கணக்குக்கு வரும்போது புரியும்.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சைன் 30 அழுத்தினால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. எக்செல்லில் சைன், காஸ் இரண்டுமே ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியை 180ஆல் வகுத்து, பை (π) மதிப்பால் பெருக்கித்தான் உள்ளே கொடுக்க வேண்டும்.

2. ஊரை அல்ல, விமான நிலையத்தை உறுதிசெய்யுங்கள்

லண்டன் என்றால் எந்த லண்டன்? ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி என்று வரிசையாக இருக்கின்றன. பாங்காக்குக்கு சுவர்ணபூமியும் டான் முவாங்கும். கோவாவுக்கு டபோலிமும் மோபாவும். ஆகாயத்தில் இந்த வித்தியாசம் சில பத்து கிலோமீட்டர்தான், கணக்கைக் கவிழ்க்காது. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் ஏற வேண்டியவருக்கு அரை நாளே போய்விடும்.

அதனால் மூன்றெழுத்துக் குறியீட்டை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என்., ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் திருச்சியும் திருவனந்தபுரமும். திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி. ஒரே ஒரு எழுத்து மாறினால் கணக்கு 300 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் இன்னொரு ஊரிலிருந்து தொடங்கிவிடும்.

சில தளங்களில் நான்கெழுத்துக் குறியீடு இருக்கும். சென்னைக்கு அது வி.ஓ.எம்.எம். அது விமானிகளுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் உரியது. குழம்ப வேண்டாம், இடம் ஒன்றுதான்.

3. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியான வடிவில் எழுதுங்கள்

நமக்கு வேண்டியது தசம டிகிரி. இரண்டு தசம இடம் போதும். அதுவே ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம்.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17.
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99.
லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45.
யாழ்ப்பாணம் பலாலி: வடக்கு 9.79, கிழக்கு 80.07.
துபாய்: வடக்கு 25.25, கிழக்கு 55.36.

இங்கே மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, 12°59′ என்பதை 12.59 என்று எழுதுவது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 59-ஐ 60ஆல் வகுத்தால் 0.98. ஆக, அது 12.98. இதைக் கவனிக்காவிட்டால் சென்னை விமான நிலையம் 40 கி.மீ.க்கு மேல் தெற்கே நகர்ந்து செங்கல்பட்டையும் தாண்டிவிடும்.

இரண்டாவது, திசைக் குறி. மேற்கும் தெற்கும் கழித்தல் குறியோடு வர வேண்டும். லண்டனுக்கு விட்டுப்போனால் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அது பூஜ்ய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. கழித்தல் குறியை மறந்தால் விமானம் கிர்கிஸ்தானில் இறங்கும்!

மூன்றாவது, எண்களை இடம் மாற்றிப் போடுவது. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். வரைபட மென்பொருள் கோப்புகள் சிலவற்றில் தீர்க்கரேகை முதலில் வரும். எளிய சோதனை: அட்சரேகை 90ஐத் தாண்டவே முடியாது. முதல் எண் 103.99 என்று இருந்தால் வரிசை மாறியிருக்கிறது என்று அர்த்தம். சென்னைக்கு இந்தச் சோதனை உதவாது, 80ம் 12ம் இரண்டுமே 90க்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே கண்தான் துணை.

4. முதலில் மனக்கணக்கில் ஒன்று

பெரிய சூத்திரத்துக்குப் போவதற்கு முன் யாழ்ப்பாணம் போய் வருவோம். சென்னையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அதனால் அட்சரேகை வித்தியாசம் மட்டும் போதும்: 12.99 − 9.79 = 3.20 டிகிரி.

ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் சுமார் 356 கி.மீ.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடல் மைல் என்பது எங்கிருந்தோ வந்த அளவு இல்லை; பூமியின் வட்டத்தில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. இது மனதில் பதிந்துவிட்டால் அடுத்த படியின் சூத்திரம் கடைசியில் ஏன் ஒரு கோணத்தைத் தருகிறது என்று கேட்கமாட்டீர்கள். தூரம் என்பதே பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருக்கும் கோணம்தான்.

5. பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டம் என்று பெயர். ஒரு கால்பந்தின் மேல் இரண்டு இடத்தில் விரலை வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகப் படுத்துக்கொள்ளும் கோடு அது.

சூத்திரம் இப்படி: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் காஸ்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். வரும் எண் எந்தக் கோணத்தின் காஸ் என்று தலைகீழ் காஸ் பட்டனால் கண்டுபிடியுங்கள்.

சென்னை–சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்ப்போம்.

தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − 80.17 = 23.82.
சைன் 12.99 = 0.2248. சைன் 1.36 = 0.0237. பெருக்கினால் 0.0053.
காஸ் 12.99 = 0.9744. காஸ் 1.36 = 0.9997. காஸ் 23.82 = 0.9148. மூன்றையும் பெருக்கினால் 0.8912.
கூட்டல்: 0.8965.
தலைகீழ் காஸ்: 26.30 டிகிரி.

26.30ஐ 60ஆல் பெருக்கினால் 1,578 கடல் மைல். கிலோமீட்டரில் வேண்டுமானால், பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்தால் ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. வருகிறது. விடை 2,924 கி.மீ.

இன்னொரு தளத்தில் 2,924க்குப் பதில் 2,915 என்றோ 2,920 என்றோ பார்த்தால் பதற வேண்டாம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கில் அரை சதவீதம்வரை விலகல் வரும். விமான நிலையத்தின் எந்தப் புள்ளியை எடுத்தார்கள் என்பதாலும் ஓரிரு கிலோமீட்டர் மாறும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நான்கு தசம இடத்தோடு நிறுத்தினால் இந்தச் சூத்திரம் ஏமாற்றும். 100 கி.மீ. தூரத்தில் உள்ள ஊருக்குப் பத்து சதவீதம்வரைகூடப் பிழை வரலாம், ஏனென்றால் காஸ் மதிப்பு 1ஐ ஒட்டி நிற்கும்போது கடைசி இலக்கத்தில் ஒரு சிறு மாற்றமும் கோணத்தைக் கணிசமாக மாற்றிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் இடையில் எங்கும் சுருக்காமல் கால்குலேட்டரிலேயே தொடர்ந்து போங்கள்.

6. தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள்

சிலர் கேட்பார்கள்: இவ்வளவு சைன், காஸ் எதற்கு, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதாதா? அட்சரேகை வித்தியாசம் ஒரு பக்கம், தீர்க்கரேகை வித்தியாசம் இன்னொரு பக்கம், கர்ணம்தான் தூரம்.

சிங்கப்பூருக்குப் போட்டால் அது 2,948 கி.மீ. தரும். சரியான விடையிலிருந்து 24 கி.மீ.தான் விலகல். பார்த்தீர்களா, போதும் என்பார்கள். இங்கேதான் ஆபத்து. நடுக்கோட்டுக்கு அருகில் தீர்க்கரேகைகள் ஏறத்தாழ இணையாகவே ஓடுகின்றன. அதனால் தவறான முறைகூடச் சரியான விடைபோல ஒன்றைத் தந்துவிடுகிறது.

அதே முறையை லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள். தட்டைக் கணக்கில் 9,933 கி.மீ. பெருவட்டக் கணக்கில் கோணம் 74.05 டிகிரி, தூரம் 8,234 கி.மீ. ஏறத்தாழ 1,700 கி.மீ. வித்தியாசம். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருகின்றன. தட்டை வரைபடம் அவற்றை இழுத்து அகலப்படுத்திக் காட்டுகிறது. விமானத்தில் முன் இருக்கைத் திரையில் பாதை வளைந்து தெரிவதும் இதனால்தான். விமானம் நேராகத்தான் போகிறது. வளைந்திருப்பது வரைபடம்.

7. எந்த மைல் என்று கேளுங்கள்

சென்னை–சிங்கப்பூர் 2,924 கி.மீ.; அதுவே 1,817 மைல்; அதுவே 1,579 கடல் மைல். சாலை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் தொழிலில் எல்லாமே கடல் மைலும் நாட்டும் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). பயணிகளுக்கான மைலேஜ் புள்ளிகளில் பெரும்பாலும் சாலை மைல். ஒரு பட்டியலிலிருந்து தூரத்தையும் இன்னொன்றிலிருந்து வேகத்தையும் எடுத்து வகுப்பவர்கள் பதினைந்து சதவீதம் தவறிவிடுவார்கள். எதை எடுத்தாலும் முதலில் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முன் படியில் 1,578, இங்கே 1,579 என்று வருவது பிழையல்ல. கடல் மைலை 1.852 கி.மீ. என்று நிர்ணயித்ததாலும், ஆரத்தை 6,371 என்று எடுத்ததாலும் வரும் சிறு உரசல் அது.

8. உண்மையில் பறக்கும் தூரத்தைக் கூட்டுங்கள்

நூல் பிடித்த கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. காரணங்கள் மூன்று வகை.

ஓடுபாதையின் திசை முதல் காரணம். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு-வடகிழக்கு, மேற்கு-தென்மேற்குத் திசையில் கிடக்கிறது. கடல் பக்கம் பார்த்து ஏறினால் சிங்கப்பூர் விமானத்துக்குச் சௌகரியம். காற்று மாறி எதிர்ப்பக்கம் ஏற நேர்ந்தால் வளைந்து திரும்பித்தான் வங்கக் கடலுக்கு வர வேண்டும். சாங்கியிலோ ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்கு-தெற்கு. மேற்கிலிருந்து வரும் விமானம் நேராகப் போய் இறங்க முடியாது.

இரண்டாவது, வான்வழிகள். ஆகாயத்திலும் பெயரிட்ட புள்ளிகளும் அவற்றை இணைக்கும் தடங்களும் உண்டு. ராணுவப் பகுதிகள், இடிமேகங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தால் சிங்கப்பூர் விமானம் நெளிந்து நெளிந்து போவதைக் கண்காணிப்புச் செயலிகளில் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது: மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடின. ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் 8,000 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போன பின்னிஷ் விமானங்கள் இப்போது சுமார் 13 மணி நேரம் பறக்கின்றன. தூரக் கணக்கில் ஒரு கிலோமீட்டரும் மாறவில்லை. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய நிறுவன விமானங்களுக்கும் இதே நிலை. ஒரே தடத்தில் பறக்கும் வேற்று நாட்டு விமானத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே எந்த நிறுவனம் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

நான் கையாளும் கட்டைவிரல் கணக்கு: தடையில்லாத நடுத்தரத் தூரத்துக்கு 3 சதவீதம், நீண்ட தூரத்துக்கு 4 சதவீதம், யாழ்ப்பாணம் போன்ற குறுந்தூரத்துக்கு 10 சதவீதம். தூரம் குறையக் குறைய ஏறி இறங்கும் வளைவுகளின் பங்கு கூடுகிறது என்பதால் இப்படி. சுற்றிப் போகும் தடம் என்று தெரிந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு, நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, இரண்டு துண்டாகப் பெருவட்டம் போடுவதே நல்லது.

சென்னை–சிங்கப்பூர்: 2,924 + 3% = 3,012 கி.மீ.

9. வேகம்

"விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும்" என்பது எல்லா விமானத்துக்கும் பொருந்தாது.

ஜெட் விமானங்களின் வேகம் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. 11 கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 டிகிரிக் குளிரில், ஒலி மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. போகும். ஏர்பஸ் ஏ320 அதில் 0.78 பங்கு, அதாவது சுமார் 830. போயிங் 787ம் ஏர்பஸ் ஏ350ம் 0.85 பங்கு, அதாவது சுமார் 900. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ.டி.ஆர். 72 விசிறி விமானம், 510 வரைதான்.

ஏ320 என்று வைத்துக்கொண்டு: 3,012ஐ 830ஆல் வகுத்தால் 3.63 மணி.

இது 3 மணி 63 நிமிடம் இல்லை! சிரிக்காதீர்கள், வாரம் ஒருவராவது இதைச் செய்கிறார். 0.63ஐ 60ஆல் பெருக்குங்கள்: 38. ஆக 3 மணி 38 நிமிடம். பெரிய விமானமாக இருந்தால் அதே தூரம் 3 மணி 21 நிமிடம்.

10. காற்று

விமானம் காற்றுக்குள் போகும் வேகம் வேறு, தரையைக் கடக்கும் வேகம் வேறு. ஆற்றில் பரிசல் போகிற கதைதான்.

நடு அட்சரேகைகளில் மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று பலமாக இருக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலம். அதனால் லண்டன் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. தடத்தில் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று எடுங்கள். போகும்போது 900 − 40 = 860. வரும்போது 900 + 40 = 940. தூரம் 8,234 + 4% = 8,563 கி.மீ. போக 9 மணி 57 நிமிடம், வர 9 மணி 7 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், 50 நிமிட வித்தியாசம்.

சிங்கப்பூர்த் தடத்தில் இந்தக் காற்று பெரிதாகப் பேசாது. நடுக்கோட்டுப் பக்கம் அது மெலிந்துவிடும். ஆனால் ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில், ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலமான காற்று ஓடும். தரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போதே மேலே கிழக்கிலிருந்து. அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வருவது சீக்கிரம், போவது தாமதம். கிழக்கே போனால் எப்போதும் பின்காற்று என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

காற்றுக்குச் சரியான எண் தெரியாவிட்டால் சிங்கப்பூருக்குப் பூஜ்யம் என்று விட்டுவிடலாம். லண்டனுக்கு விடக்கூடாது.

11. தரையில் கழியும் நேரத்தைக் கூட்டுங்கள்

அட்டவணையில் அச்சிடும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும்வரை. பிளாக் டைம் என்பார்கள். பின்னால் தள்ளி, ஓடுபாதை முனைவரை ஊர்ந்து, வரிசையில் நின்று ஏறுவதும், இறங்கிய பின் வாயிலுக்கு வருவதும் இதில் அடக்கம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது என்பதையும் சேருங்கள். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது.

ஜெட்டுக்கு 35 நிமிடம், ஹீத்ரோ போன்ற நெரிசலான இடத்துக்கு 40, ஏ.டி.ஆருக்கு 25 என்று கூட்டுகிறேன்.

சென்னை–சிங்கப்பூர், ஏ320: 3 மணி 38 + 35 நிமிடம் = 4 மணி 13 நிமிடம். அட்டவணைகள் சொல்வதும் நாலு, நாலரை மணி நேரத்துக்குள்தான்.
சென்னை–லண்டன்: 9:57 + 40 = 10 மணி 37 நிமிடம். திரும்ப 9 மணி 47 நிமிடம்.
சென்னை–யாழ்ப்பாணம்: 356 + 10% = 392 கி.மீ.; 510ஆல் வகுத்தால் 46 நிமிடம்; 25 கூட்டினால் 1 மணி 11 நிமிடம். அட்டவணையில் ஒன்றேகால் மணியை ஒட்டி இருக்கும்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள்: தூரம் சிங்கப்பூரில் எட்டில் ஒரு பங்கு. நேரமோ நாலில் ஒரு பங்குக்கு மேல். தூரத்தை வைத்து நேரத்தை விகிதத்தில் குறைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

12. இப்போதுதான் கடிகாரம்

ஊர் நேரத்தோடு நேரடியாகக் கூட்டாதீர்கள். யு.டி.சி.க்கு இறக்கி, பிளாக் நேரத்தைக் கூட்டி, அடுத்த ஊரின் நேரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு படி அதிகம்தான். ஆனால் கூட்டவா, கழிக்கவா என்ற குழப்பமே வராது.

இந்தியாவும் இலங்கையும் யு.டி.சி.க்கு ஐந்தரை மணி முன்னால். சிங்கப்பூர் எட்டு மணி முன்னால்.

கணக்குக்காக, சென்னையில் இரவு 23:15க்குப் புறப்பாடு என்று வைப்போம். 5:30 கழித்தால் யு.டி.சி. 17:45. அதோடு 4:13 கூட்டினால் 21:58. எட்டு மணி கூட்டினால் 29:58, அதாவது மறுநாள் காலை 05:58. டிக்கெட்டில் +1 என்று சின்னதாகப் போட்டிருப்பது இந்த மறுநாளைத்தான்.

திரும்பி வர, சிங்கப்பூரில் காலை 09:00. யு.டி.சி. 01:00. பிளாக் நேரம் 4:10 என்றால் 05:10. சென்னையில் 10:40.

முதலில் சொன்ன ஆறே முக்காலும் ஒன்றே முக்காலும் வந்த வழி இதுதான். இதில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. போக டிக்கெட்டில் தெரிவது 6 மணி 43 நிமிடம், வரத் தெரிவது 1 மணி 40 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4 மணி 11 நிமிடம் சொச்சம். அதுதான் உண்மையான சராசரி நேரம். இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் இரண்டரை மணியை ஒட்டி வரும். அது நேர வித்தியாசம். எந்த ஊர் எந்த நேர மண்டலம் என்று தெரியாதபோதும் போக வர டிக்கெட் இருந்தால் இது வேலை செய்யும்.

இனி லண்டன். தேதியை ஏன் கேட்டேன் என்பது இங்கே. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்புவார்கள். ஆகவே நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. சென்னையில் காலை 05:30க்குப் புறப்பட்டால் யு.டி.சி. 00:00. 10:37 கூட்டினால் 10:37. ஜனவரியில் லண்டன் கடிகாரம் 10:37 காட்டும், ஜூலையில் 11:37. விமான அட்டவணைகளும் இதே இரண்டு ஞாயிறுகளில்தான் கோடை, குளிர் என்று மாறுகின்றன. மார்ச் மாதத்து அட்டவணையைப் பார்த்து ஏப்ரல் பயணத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

டோக்கியோவில் மாலையில் ஏறி, அதே நாள் காலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கும் விமானங்கள் உண்டு. யு.டி.சி. வழியில் போட்டால் அதுவும் சாதாரணக் கணக்குதான்.

13. நள்ளிரவுத் தேதி

சின்னப் படி. ஆனால் என் அனுபவத்தில் அதிகம் பணம் தின்ற படி இது.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:15 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பலர் 15ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு, வழியனுப்ப வந்த கூட்டத்தோடு வந்து நிற்பார்கள். விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். நானே தொடக்க காலத்தில் ஒரு பெரியவரை இப்படி அலையவிட்டேன். தேதியைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன், எந்த இரவு என்று சொல்லவில்லை. அதன் பிறகு நள்ளிரவு முதல் விடியல் மூன்று மணிவரையுள்ள எந்த டிக்கெட்டிலும் "திங்கள் இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்" என்று கிழமையோடு பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

14. இடையில் மாறிப் போனால்

துபாய் வழியாக லண்டன். சென்னை–துபாய் 2,934 கி.மீ., துபாய்–லண்டன் 5,497 கி.மீ. மொத்தம் 8,431. நேரடித் தூரத்தைவிட 197 கி.மீ.தான் கூடுதல், இரண்டரை சதவீதம்கூட இல்லை. துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது.

ஆனால் நேரம்? இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குவதால் தரை நேரம் இருமடங்கு. மூன்று மணி நேரக் காத்திருப்பு சேர்ந்தால் பத்தரை மணி நேரப் பயணம் 14 மணியைத் தாண்டும். இணைப்புப் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக முழுக் கணக்குப் போட்டு, காத்திருப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மொத்தத் தூரத்தைக் கூட்டி ஒரே வேகத்தால் வகுத்தால் விடை கூச்சமில்லாமல் பொய் சொல்லும்.

15. விடையைச் சரிபார்ப்பது

தூரத்துக்கு: ஒரு மணி நேரத்துக்கு 700 கி.மீ. என்று வைத்து பிளாக் நேரத்தோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூருக்கு 2,924ஐ 4.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 695. லண்டனுக்கு 775. நடுத்தர, நீண்ட ஜெட் பயணங்களுக்கு 650க்கும் 850க்கும் வெளியே வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் மூன்றாம் படியில்.

நேரத்துக்கு: அதே தடத்தில் கடந்த ஒரு வாரம் பறந்த விமானங்களை ஒரு கண்காணிப்புச் செயலியில் பாருங்கள். அதில் தெரிவது ஆகாயத்தில் இருந்த நேரம். அட்டவணை நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். விமானம் சீக்கிரம் வந்துவிட்டது என்று பயணிகள் மகிழ்வது பல நேரம் இதனால்தான். தாமதப் பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் இடம் விட்டே அச்சிடுகின்றன.

அழைத்துப்போக வருகிறவருக்கு நேரம் சொல்லும்போது மட்டும் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். 10:40க்கு இறங்கும் சிங்கப்பூர் விமானத்துக்கு 11:30க்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதரைக்கே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.